டிராகனுக்கு நைட் ஷிப்ட்

ஜூலை 5, சனி

இந்த நோட்டுக்கும், இதை மறைத்து வைத்திருக்கும் பழைய ஷூ பெட்டிக்கும் பெருமிதத்துடன் அறிவிக்கப்படுவது: இன்று காலை, மேன்மை தங்கிய சக்கரவர்த்தியின் அரண்மனையில் முட்டை உடைந்து ஒரு டிராகன் வெளிவந்தது. டிராகன் நலம். சக்கரவர்த்தி நலம். சமையலறை இப்போது இல்லை. முதல் தும்மலிலேயே போய்விட்டது.

சக்கரவர்த்தி, அடியேன்தான். அரண்மனை இருப்பது 'கூடு' என்கிற கம்ப்யூட்டர் விளையாட்டுக்குள். அதில் வீடு கட்டலாம், ஆட்களை உருவாக்கலாம், அவர்களைச் சாப்பிட வைத்து, தூங்க வைத்து, வேலைக்கு அனுப்பி வாழ வைக்கலாம். என்னைப் போல் மூளை உள்ளவராக இருந்தால், பறக்கும் கட்டில் வாங்கலாம். மொட்டை மாடியில் ஐஸ்கிரீம் நீரூற்று வைக்கலாம்.

டிராகனுக்குப் பெயர் சூட்டியாயிற்று: சுடுதண்ணி.

பின்னால் நின்று பார்த்த அக்காவுக்கு வயிற்றெரிச்சல். "இதெல்லாம் ஒரு வாழ்க்கையாடா? உன் ஆளு ஒரு நாளாவது பல் தேய்ச்சானா?"

"சக்கரவர்த்திக்கு அதெல்லாம் தானா தேஞ்சிடும்."

அக்கா கட்டட வரைபடம் படிக்கிறாள். எதைப் பார்த்தாலும் அளவு நாடாவை இழுப்பாள். அதனால் என் அகராதியில் அவள் பெயர் இஞ்சுடேப். அவளும் இதே கம்ப்யூட்டரில் இதே 'கூடு'தான் விளையாடுகிறாள். ஆனால் அவள் கட்டும் வீட்டில் ஆட்கள் பாத்திரம் கழுவுகிறார்கள். துணி உலர்த்துகிறார்கள். கரண்ட் பில் கட்டுகிறார்கள்! நிஜத்தில் செய்யச் சொன்னால் முகம் சுளிக்கிற வேலையை, உட்கார்ந்து பொத்தானை அழுத்திச் செய்வது என்ன ரசனையோ.

ஜூலை 6, ஞாயிறு

அம்மா பின்பக்கத்துச் சாமான் அறையைக் காலி செய்துவிட்டாள். உடைந்த மின்விசிறி, துருப்பிடித்த சைக்கிள், எதற்கென்றே தெரியாத டின்கள், எல்லாம் போயின. உள்ளே ஒரு ஜன்னல் இருந்திருக்கிறது! இத்தனை வருடம் யாருக்கும் தெரியாது.

இதன் முக்கியத்துவம் சாதாரணமல்ல. நானும் அக்காவும் ஒரே அறையில், நடுவே ஒரு பழைய போர்வையைத் திரையாகக் கட்டிக்கொண்டு வாழ்கிறோம். அவள் பக்கம் வெளிச்சம். என் பக்கம் அலமாரி. நான் தும்மினால் அவள் "சீ" என்கிறாள். அவள் படித்தால் எனக்கு அறிவு வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. தனி அறை! வாழ்க்கையில் முதல் முறையாக!

"யாருக்குன்னு நீங்களே பேசி முடிவு பண்ணுங்க" என்றாள் அம்மா. "சண்டை சத்தம் கேட்டுச்சுன்னா ரெண்டு பேருக்கும் கிடையாது. பழைய பேப்பர் போட்டு வெச்சிருவேன்."

எனவே சத்தமில்லாத சண்டை. பந்தயம் இதுதான்: ஆளுக்கு ஒரு குடும்பம். 'கூட்டில்' ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மகிழ்ச்சி மானி உண்டு. சந்தோஷமாக இருந்தால் பச்சை, இல்லையென்றால் மஞ்சள், மோசமானால் சிவப்பு. இருபதாம் தேதி யார் வீட்டு மானி மேலே நிற்கிறதோ, அறை அவருக்கு. ஒருவர் வீட்டில் மற்றவர் கை வைக்கக் கூடாது.

இஞ்சுடேப் தனக்குத்தானே ஒரு விலங்கும் மாட்டிக்கொண்டாள். "நம்ம வீட்டுல இல்லாத எதுவும் என் வீட்டுல இருக்காது. இருக்கறதை வெச்சே ஜெயிக்கிறேன் பாரு."

டிராகனுக்கு எதிராக மிக்ஸியும் துடைப்பமும்! பாவம். அறையின் கதவுக்கு அட்டையில் இப்போதே எழுதிவிட்டேன்: 'சக்கரவர்த்தி உள்ளே இருக்கிறார். தட்டிவிட்டுத் திரும்பிப் போகவும்.'

ஜூலை 8, செவ்வாய்

சுடுதண்ணி இன்று தபால்காரரை விழுங்கியது. பிடிக்காமல் துப்பிவிட்டது. மானி கரும்பச்சை.

ஜூலை 9, புதன்

என் வகுப்புக் கொசுவிடம் (ஆள் ஒல்லி, ஆனால் காதருகே வந்து ஓயாமல் பேசுவான்) திறப்பு விழாவுக்கு வரச் சொல்லிவிட்டேன். "ரிப்பன் வெட்ட நான்தானே?" என்கிறான். கத்திரிக்கோல் கொண்டு வந்தால் பரிசீலிக்கப்படும்.

ஜூலை 10, வியாழன்

அநியாயம். அநியாயம். அநியாயம்.

அப்பாவின் சாவிக்கொத்து ஃபிரிட்ஜில் தக்காளிக்கு நடுவே கிடந்தது. அப்பாவுக்கு ரொட்டி ஆலையில் இரவு வேலை. விடிந்ததும் வந்து, தெருப்பக்கத்து முன்னறையில் பகலெல்லாம் படுத்திருப்பார். இன்று சாயங்காலம் கிளம்பும்போது சாவியைத் தேடாத இடமில்லை.

"யார்டா சாவியை ஃபிரிட்ஜ்ல வெச்சது?"

'யார்' என்பது சும்மா அலங்காரத்துக்கு. மூன்று பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். சர்க்கரை டப்பாவில் உப்பு, அம்மாவின் கைப்பேசியில் நாய் குரைக்கும் மணி, அக்காவின் அளவு நாடாவில் முதல் இரண்டு அங்குலம் வெட்டு — இவையெல்லாம் என் படைப்புகள், மறுக்கவில்லை. ஆனால் சாவி என்னுடையதல்ல! செய்யாத சேட்டைக்குத் திட்டு வாங்குவது, எழுதாத கவிதைக்குப் பரிசு வாங்குவது போல. கூச்சமாக இருக்கிறது.

ஜூலை 13, ஞாயிறு

இந்த வீட்டில் எனக்குப் போட்டியாக இன்னொரு கை இயங்குகிறது. இன்று அப்பா ஷேவிங் கிரீமால் பல் தேய்த்துவிட்டார். வாயெல்லாம் நுரை. டிராகனே தோற்றது. "டேய்ய்ய்!" என்று ஒரு கத்து. நான் அப்போது தூங்கிக்கொண்டிருந்தேன் என்றால் யார் நம்புவார்கள்? யாரோ தொழில் சுத்தமாகச் செய்கிறார்கள். யாராக இருந்தாலும் என் வணக்கம்.

அரண்மனைச் செய்தி அவ்வளவு நன்றாக இல்லை. 'கூட்டில்' ஆட்களின் தலைக்கு மேல் ஒரு குமிழி வரும். அதில் அவர்களுடைய ஆசை தெரியும். ஆசை நிறைவேறினால் மானி ஏறும். சக்கரவர்த்தியின் குமிழியில் மூன்று நாட்களாக ஒன்றுமே இல்லை. கேட்டதெல்லாம் கொடுத்தாயிற்று. இரண்டாவது ஐஸ்கிரீம் நீரூற்று வாங்கிப் போட்டேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பறக்கும் கட்டிலில் உட்கார்ந்து கொட்டாவி விடுகிறான். மானி மஞ்சள்.

நன்றி கெட்ட பயல். அதாவது, நான்.

ஜூலை 15, செவ்வாய்

உளவுத்துறைத் தகவல்: எதிரியின் மானி சிவப்பு! தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் பார்த்தேன். "என்ன இஞ்சுடேப், உன் துடைப்பக் குடும்பம் அழுவுதா?" என்றேன். சட்டென்று திரையை மறைத்துக்கொண்டாள். "போடா" என்றாள். வழக்கமான 'போடா' இல்லை. உள்ளே ஏதோ இருந்தது.

எப்படியோ, மஞ்சள் சிவப்பை ஜெயிக்கும். ஆனாலும் சும்மா விடுவது என் தொழில் தர்மத்துக்கு அழகல்ல. அவள் நாளை மறுநாள் தோழி வீட்டுக்குப் போகிறாள், ஞாயிறுதான் வருவாள். அவள் வீட்டுக்குள் புகுந்து, குளியலறைக் கதவைக் கழற்றிவிடப் போகிறேன். கதவில்லாத குளியலறையில் 'கூடு' ஆட்கள் கால் வைக்க மாட்டார்கள். நெளிவார்கள். ஓடுவார்கள். பிறகு நடக்க வேண்டியது நடக்கும். ஹாஹா.

ஜூலை 17, வியாழன்

பள்ளி விட்டு வந்தாயிற்று. அக்கா தோழி வீட்டில். அம்மா கண்ணாடிக் கடையில், மற்றவர்களுக்குக் கண் தெரிய வைத்துக்கொண்டு. அப்பா முன்னறையில் படுத்திருக்கிறார். நான் டிவியைச் சத்தமாக வைத்தேன், கம்ப்யூட்டர் தட்டும் ஒலி கேட்காமல் இருக்க. எதிரியின் வீட்டைத் திறந்தேன்.

எங்கள் வீடு.

அப்படியே எங்கள் வீடு. அங்குலம் பிசகவில்லை. வாஷ்பேசின் விரிசல், தெருவுக்கு எதிரே இருக்கும் வெல்டிங் பட்டறைகூட. நடுவே தொங்கும் போர்வைக்கு இந்தப் பக்கம், தலைமுடி நட்டுக்கொண்டு ஒரு பயல். குணம்: 'சேட்டை — மிக அதிகம். உதவி — எப்போதாவது.' எவ்வளவு திமிர்! எப்போதாவதாம்!

முதல் வேலையாகக் கதவைக் கழற்றினேன். வேலையிலிருந்து பொம்மை அப்பா வந்தார். முன்வழுக்கை, சட்டையில் மாவு. நேராக ஃபிரிட்ஜுக்குப் போனார். திறந்தார். நின்றுகொண்டே தூங்கினார். சாவி கையிலிருந்து உள்ளே விழுந்தது.

நான் அதைச் செய்யவில்லை. அக்காவும் செய்யவில்லை. தூக்கம் போதாத ஆட்களை 'கூடு' அப்படித்தான் ஆட்டிவைக்கும்.

சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். பிறகு பார்த்துக்கொண்டே இருந்தேன். பொம்மை அப்பா படுத்தார். எதிர்ப்பட்டறையில் வெல்டிங் சத்தம், எழுந்தார். படுத்தார். நட்டுக்கொண்ட முடிப் பயல் டிவி போட்டான், எழுந்தார். தூக்கக் கோடு நகக்கண் அளவு ஏறும், இறங்கும். அவர் கோடு இறங்க இறங்க அந்த வீட்டில் எல்லார் கோடும் இறங்குகிறது.

அப்போது நிஜ முன்னறையில் கட்டில் கிரீச்சிட்டது. அப்பா புரண்டு படுத்தார். எதிரே நிஜ வெல்டிங். இங்கே நிஜ டிவி.

டிவியை அணைத்தேன்.

மற்றவை ராணுவ ரகசியம். எதிரி வீட்டில் கை வைத்தாயிற்று, அவ்வளவுதான்.

ஜூலை 18, வெள்ளி

கொசு வந்தான். "டிராகனைக் காட்டுடா."

"டிராகன் ஓய்வில் இருக்கு."

"அப்ப சக்கரவர்த்தியைக் காட்டு."

"அவருக்கு வேலை இருக்கு."

"சக்கரவர்த்திக்கு என்னடா வேலை?"

நியாயமான கேள்வி. ஞாயிறு அன்று வெற்றி நிச்சயம் என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டேன்.

ஜூலை 20, ஞாயிறு

தோற்றேன். என்னுடையது மஞ்சள். அவளுடையது, புல்லே பொறாமைப்படும் பச்சை. விவரம் நாளை. கட்டில் தூக்கிக் கை வலிக்கிறது.

ஜூலை 21, திங்கள்

சரி. எழுதித்தான் ஆக வேண்டும். ஷூ பெட்டியே, சிரிக்காதே.

நேற்று அப்பா வேலைக்குக் கிளம்பிப் போன பிறகுதான் அக்கா வந்தாள். வந்ததும் வராததுமாகக் கம்ப்யூட்டரில் அவள் வீட்டைத் திறந்தாள். நான் ஜன்னல் வழியே வானத்தை ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

"டேய். அப்பா கட்டில் எங்கடா?"

"எந்த அப்பா?"

"உதைப்பேன். முன்னறையில இருந்த கட்டில் எப்படி சாமான் அறைக்குப் போச்சு?"

"நடந்து போயிருக்கும். நாலு கால் இருக்குல்ல."

அவள் சிரிக்கவில்லை. "நம்ம வீட்டுல இல்லாத எதுவும் வைக்க மாட்டேன்னு சொன்னேனா இல்லையா? அந்த அறை நம்ம ரெண்டு பேருல ஒருத்தருக்குன்னுதானே பேச்சு? அதைத் தொடாமலே அவரைத் தூங்க வைக்கணும்னு பத்து நாளா முட்டி மோதறேன்."

"நான் எதையும் புதுசா வைக்கலையே. அறை நம்ம வீட்டுல இருக்கு. கட்டில் இருக்கு. அப்பா இருக்காரு. கொஞ்சம் நகர்த்தினேன், அவ்ளோதான்."

திரையில் பொம்மை அப்பா பின்னறையில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். ஃபிரிட்ஜில் தக்காளி மட்டும் இருந்தது.

பிறகு எழுந்தாள், அளவு நாடாவை எடுத்தாள், நிஜச் சாமான் அறைக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். முனையை நான் பிடித்தேன்.

"உள்ள போகும்" என்றாள். "இழுத்துப் போட்டா ஜன்னல்கூடத் திறக்கலாம்." நாடாவைச் சுருட்டிக்கொண்டே, "நான்தானே ஜெயிச்சேன்? அப்ப அறை என்னோடது. நான் யாருக்கு வேணா குடுப்பேன்."

"ஜெயிக்க வெச்சது யாரு?"

"கட்டிலோட அந்தப் பக்கத்தைத் தூக்கு, சொல்றேன்."

அம்மா கடையிலிருந்து வந்து வாசலிலேயே நின்றாள். "என்ன, சத்தமே இல்ல? என்னத்தை உடைச்சீங்க?"

இன்று விடியற்காலை அப்பா வேலையிலிருந்து வந்தார். முன்னறையில் வெறும் தரை. "யார்டா கட்டிலைத் திருடினது?"

"நான்தான்பா!" என்று எழுந்து ஓடினேன். செய்த சேட்டைக்குத் திட்டு வாங்குவது எவ்வளவு இனிமை! ஆனால் திட்டவில்லை. பின்னறைக்குப் போய்ப் பார்த்தார். சும்மா படுத்துப் பார்ப்பது போல் படுத்தார். அவ்வளவுதான். வெல்டிங்காரர் என்ன சுட்டாரோ, என்ன ஒட்டினாரோ, அப்பா சாயங்காலம்தான் எழுந்தார். முகத்தில் தலையணைக் கோடு.

"சாவியை எங்கடா ஒளிச்சு வெச்சிருக்க?"

"ஆணியில மாட்டியிருக்குப்பா. நீங்கதான் மாட்டினீங்க."

சந்தேகத்தோடு ஆணியைப் பார்த்தார். பிறகு என்னை. "இது என்னடா புது மாதிரி சேட்டை!"

அப்பா எழுவதற்கு முன், பள்ளி விட்டதும் கொசு கத்திரிக்கோலோடு வந்தான். வாயைப் பொத்தித் தெருவுக்கு இழுத்துப் போக வேண்டியதாயிற்று. அதற்குள் கதவிலிருந்த அட்டையைப் படித்துவிட்டான். ஒரே ஒரு சொல்லைத்தான் மாற்றியிருக்கிறேன்: 'சக்கரவர்த்தி உள்ளே இருக்கிறார். தட்டாமல் திரும்பிப் போகவும்.'

"உள்ள யார்டா?"

"சக்கரவர்த்தி."

"அப்ப நீ?"

"வாட்ச்மேன்."

இனி ராணுவ ரகசியம். வியாழக்கிழமையே அந்தக் குளியலறைக் கதவைத் திரும்ப மாட்டிவிட்டேன். கட்டிலை நகர்த்தியதோடு நிற்கவும் இல்லை. அக்கா வரும்வரை அரண்மனைப் பக்கமே போகாமல், துடைப்பக் குடும்பத்தைத்தான் விளையாடினேன். பாத்திரம் கழுவினேன். துணி உலர்த்தினேன். கரண்ட் பில் கட்டினேன். கட்டியதும் ஒரு சந்தோஷம் வந்தது. யாரிடமும் சொல்லாதே. அந்தச் சேட்டைப் பயலுக்கு டிவி ரிமோட்டையே கொடுக்கவில்லை. இதைப் போர்வைத் திரைக்கு இந்தப் பக்கம், அலமாரி ஓரமாக உட்கார்ந்து எழுதுகிறேன். அக்கா இப்போதுதான் "சீ" என்றாள். தும்மிவிட்டேன்.

அரண்மனையையும் கொஞ்சம் சீர்திருத்தியிருக்கிறேன். சுடுதண்ணிக்கு ரொட்டி ஆலையில் வேலை வாங்கிக் கொடுத்தேன், அடுப்பு ஊதுகிறது. நைட் ஷிப்ட். பகலில் தூங்கப் பின்பக்கத்தில் ஒரு அறை கட்டினேன். சக்கரவர்த்தியின் குமிழியில் வெகு நாளைக்குப் பிறகு ஓர் ஆசை வந்தது: 'டிராகன் எழுந்ததும் சேர்ந்து சாப்பிட வேண்டும்.' அதனால் மேன்மை தங்கியவர் இப்போது பல் தேய்த்துவிட்டு, அந்த அறைக்கு வெளியே, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்துகொண்டிருக்கிறார்.