பின் டயர் சொன்ன சாட்சி

மதுரை
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் பரீதுக்கு, அத்தா சலாம் சொல்லி எழுதுவது. இறைவன் கிருபையால் உன் அம்மாவும் நானும் இங்கே நடமாட்டமாக இருக்கிறோம், அங்கே மஸ்கட் வெயிலில் நீயும் மருமகள் ஷாஹீதாவும் பேரன் அனீஸும் குறையில்லாமல் இருக்க துஆ செய்கிறேன். உன் தங்கை ஆஷிகாவின் முழங்கைப் புண் ஆறிவிட்டது. ஆறாதது ஒன்று இருக்கிறது, அதைச் செய்தவன் நீ. பெருநாள் கழிந்த நான்காம் நாள் அவள் வண்டியோடு விழுந்தாள். அன்று சாயங்காலமே வீடியோ காலில், வீட்டில் அத்தனை பேரும் உட்கார்ந்திருக்க, எப்படி விழுந்தாய் என்று ஒரு வார்த்தை கேட்காமல், திமிரா ஓட்டினா ரோடு சும்மா விடுமா என்றாய். வண்டிய வித்துடுங்க, இனிமே பஸ்ல போகட்டும் என்று தீர்ப்பும் சொன்னாய். உன் அம்மா அப்போதே சாவியை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். நானும் பேசாமல் இருந்தேன், அதை ஒப்புக்கொள்கிறேன். விசாரணையே இல்லாத தண்டனை. இதையெல்லாம் போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், நான் கத்துவேன், கடைசியில் உன் அம்மா போனைப் பிடுங்கிக்கொள்வாள். தாளில் எழுதினால் கடைசி வரி வரைக்கும் நீ வாயை மூடிக்கொண்டு படித்துத்தான் ஆகவேண்டும்.

அவள் வேலை என்னவென்றே உனக்குச் சரியாகத் தெரியாது என்று நினைக்கிறேன். நாகமலை புதுக்கோட்டைக்கு உள்ளே தள்ளி ஒரு மண் சோதனைக் கூடம், அதற்காக ஊர் ஊராகப் போய் வயலில் இறங்கி மண் அள்ளிப் பையில் கட்டிக் கொண்டுவர வேண்டும். பஸ் நிற்கிற இடத்திலேயா வயல் இருக்கும்? ஒன்றாம் தேதிக்குள் வண்டியோடு வராவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். விழுந்து ஐந்தாறு நாள் கழித்து, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் என்னை நிமிர்ந்து பார்த்து, அத்தா, நான் வேகமாத்தான் போயிருப்பேனோ என்று கேட்டாள். செய்யாததைச் செய்ததாக அவளே நம்ப ஆரம்பித்துவிட்டாள். அதற்கு மேல் என்னால் வீட்டில் உட்கார முடியவில்லை.

மறுநாளே டவுன் பஸ் பிடித்து அந்த வளைவுக்குப் போனேன். மெயின் ரோட்டிலிருந்து பிரிந்து கண்மாய்க் கரையை ஒட்டி இடது பக்கம் திரும்புகிற இடம். மணல் கிடக்கிறதா, பள்ளம் இருக்கிறதா, ஆயில் சிந்தியிருக்கிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தேன், ஒன்றும் இல்லை. எதிரே டீக்கடை வைத்திருக்கிற பால்பாண்டி, என்ன பாய், மோதிரம் கீதிரம் தொலைச்சிட்டீங்களா என்றார். விஷயத்தைச் சொன்னதும் பாய்லரை விட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார். அந்தப் புள்ள விழுந்தத என் கண்ணால பாத்தேன் பாய், ஆட்டுக்கு நின்னு வழி விட்டுட்டு அப்பறந்தான் திரும்புச்சு, எங்க ஊருப் பயலுக இதே வளைவுல முட்டி தரையில தேயுற மாதிரி பறக்குறாய்ங்க, ஒருத்தனும் விழுகல, நிதானமா வந்த புள்ள விழுந்துச்சு, அதான் எனக்கும் வெளங்கல என்றார். வண்டியின் கால்மிதி ரோட்டில் இழுத்த கீறல் அப்படியே இருந்தது. அளந்தேன். ஆறு முழம்தான். பறந்து வந்த வண்டி ஆறு முழத்தில் நிற்குமா, நீ கார் ஓட்டுகிறவன், நீயே சொல். ஆஷிகாவும் முதல் நாளிலிருந்து ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள், நம்மில் யாரும் காதில் வாங்கவில்லை. முன்னாடி சக்கரம் நல்லா பிடிச்சுத்தான் இருந்துச்சு, லேசா ஆக்ஸிலேட்டர் குடுத்தேன், யாரோ பின்னாடியிருந்து எத்திவிட்ட மாதிரி வாலு மட்டும் வெளிய போச்சு என்றாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது பரீத், அந்த ஒரு நொடியில் எந்தச் சக்கரம் கைவிட்டது என்று அவள் உடம்புக்குத் தெரிந்திருக்கிறது.

விற்பதற்காக வண்டியைக் கோச்சடையில் முத்துக்குமரன் ஒர்க்‌ஷாப்பில் விட்டிருந்தோம். அங்கே போய், பின் சக்கரம் மட்டும் ஏன் வழுக்கும் என்று கேட்டேன். இந்த வயசுல ரேஸுக்குப் போகப் போறீகளா மாமா என்று சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்றதும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான். டயருக்கு இருக்கிற பிடிமானம் ஒன்றே ஒன்றுதான். வளைவில் வண்டி வெளியே ஓடிவிடாமல் இழுத்துப் பிடிப்பதும் அதுதான், முன்னால் தள்ளுவதும் அதுதான், பிரேக் போட்டால் நிறுத்துவதும் அதுதான். முன் சக்கரத்துக்குத் தள்ளுகிற வேலை இல்லை, வளைவில் ஆக்ஸிலேட்டரைத் திருகினால் பின் சக்கரத்துக்கு ஒரே நேரத்தில் இரண்டு வேலை. ஒரு ஆளு ரெண்டு கையால தண்ணிக்குடத்தத் தூக்கிட்டுப் போறான் மாமா, நடுவுல ஒரு கைய எடுத்து மூக்கச் சொறிஞ்சா குடம் என்னாகும், வளைவுல திருகுறது அம்புட்டுத்தான் என்றான். சரி, அவள் லேசாகத்தானே திருகினாள், அதற்கே குடம் விழுமா என்று கேட்டேன். விழக் கூடாதே என்று அவனும் தலையைச் சொறிந்தான்.

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான், யாரும் சொல்லித்தராமல் ரப்பர் ஸ்டாம்ப் வெட்டக் கற்றுக்கொண்டவன். எனக்கு எதுவும் காகிதத்தில் பதிந்தால்தான் புரியும். கடையிலிருந்து ஸ்டாம்ப் மை எடுத்துப் போய் பின் டயரில் தடவி, வெள்ளைத்தாளை விரித்து, முத்துக்குமரனை மேலே உட்காரவைத்து வண்டியை ஸ்டாண்டிலிருந்து நேராக இறக்கினேன். தாளை எடுத்துப் பார்த்தேன். என் உள்ளங்கையில் பாதிகூட இல்லை அந்தப் பதிவு. ஒரு கொழுந்து வெற்றிலை அளவு. பின்பக்கத்துப் பாரம் முழுவதும், என் மகளும் அவள் கட்டிவைத்த மண் மூட்டையும், அந்த வெற்றிலையின் மேல்தான் தினமும் போய் வந்திருக்கிறது. முன்னால் இன்னொரு வெற்றிலை. அவ்வளவுதான் மனுஷனுக்கும் ரோட்டுக்கும் உள்ள உறவு. தேனி ரோட்டில் போகிற வண்டிகளை அன்று ஒர்க்‌ஷாப் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பிள்ளையை முன்னால் நிறுத்திக்கொண்டு, மனைவியைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு, கேஸ் சிலிண்டரைக் குறுக்கே வைத்துக்கொண்டு எத்தனை பேர் போகிறார்கள். அத்தனை பேரையும் இரண்டு வெற்றிலை தாங்குகிறது, சாய்ந்தாலும் விடாமல் பிடிக்கிறது, யாரும் அதற்கு நன்றி சொல்வதில்லை. நாற்பது வருஷம் ரப்பரோடு இருந்தும் அதற்கு இவ்வளவு விசுவாசம் உண்டு என்று எனக்குத் தெரியாது. சுப்ஹானல்லாஹ் என்று வாய்விட்டுச் சொன்னேன், முத்துக்குமரனும் கையெடுத்துக் கும்பிட்டான்.

பிறகு, வளைவில் சாய்வது போல வண்டியை இடது பக்கம் சாய்த்துப் பிடிக்கச் சொல்லி, டயரின் ஓரத்திலும் மை தடவி இன்னொரு தாள் வைத்தேன். சாய்ந்தால் டயரின் நடுப்பகுதி தரையை விட்டு விலகிக்கொள்கிறது, அதுவரை ரோட்டையே பார்க்காத ஓரம் வந்து அந்த வேலையை ஏற்றுக்கொள்கிறது. ஆனால் அந்தத் தாளில் பதிவே விழவில்லை. திட்டுத் திட்டாக நாலு புள்ளி, மற்றபடி வெள்ளை. ரப்பரில் மை ஒட்டவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஓரத்தை விரலால் தேய்த்தேன், வழவழ என்றது. முத்துக்குமரன் என் விரலை இழுத்து மோந்து பார்த்துவிட்டு, மாமா, தேங்காண்ணெய், டயருக்கு யாரு தல தேச்சு விட்டது என்றான்.

நான்தான். பெருநாளைக்கு உன் மாமனார் வீட்டார் வருகிறார்கள், வீட்டைப் பளிச்சென்று வையுங்கள் என்று நீ சொன்னாய் அல்லவா. நம் சந்தில் வண்டியை வீட்டு நடைக்குள் முகம் உள்ளே பார்க்கத்தான் நிறுத்த முடியும், வாசலில் வருகிறவர்களுக்குத் தெரிவது பின் சக்கரம் மட்டும்தான். வெளிறிப்போன அந்த ஒரு டயருக்கு மட்டும் துணியில் எண்ணெய் தொட்டு, ஓரமெல்லாம் கருகரு என்று மின்னத் தேய்த்துவிட்டேன். உன் மாமனார்கூட, வண்டி புதுசா என்று கேட்டார், எனக்குப் பெருமையாக இருந்தது. மூன்று நாள் வண்டி எடுக்கவில்லை. நான்காம் நாள் அவள் கிளம்பினாள். டவுனுக்குள் நெரிசலில் சாய்க்க ஏது இடம், அதற்குப் பிறகு நேர் ரோடு. நடுவில் இருந்த எண்ணெயை ரோடு துடைத்துவிட்டது, ஓரத்தில் இருந்தது அப்படியே காத்திருந்தது. முதல் முதலாக அவள் சாய்த்த இடம் அந்தக் கண்மாய் வளைவு. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது உன்னையே எண்ணெய்த் தலையோடு கடைக்குள் விடாதவன் நான், ஒரு சொட்டு எண்ணெய் பட்டாலும் ஸ்டாம்ப் கெட்டுவிடும் என்று எத்தனை பேரைத் திட்டியிருப்பேன். அந்தக் கையால்தான் என் மகள் ஏறுகிற சக்கரத்துக்கு எண்ணெய் வைத்திருக்கிறேன். பின்னால் லாரி எதுவும் வரவில்லை. அதற்கு மேல் நினைக்க எனக்குத் தைரியம் இல்லை.

ஆனால் ஒன்று, குற்றம் என்னுடையது என்பதால் உன்னுடையது குறையவில்லை. நான் தெரியாமல் செய்தேன், நீ கேட்காமல் சொன்னாய். இரண்டுக்கும் தனித்தனியாகப் பதில் சொல்ல வேண்டும்.

ஷாஹீதாவுக்கு என் சலாம், அவள் கால் வலிக்கு வெந்நீரில் உப்புப் போட்டு வைக்கச் சொல். அனீஸுக்கு இந்தத் தாத்தாவின் முத்தம். உங்கள் மூவருக்கும் இறைவன் நீண்ட ஆயுளும் நல்ல புத்தியும் தரட்டும். இனி நடக்க வேண்டியதை எழுதுகிறேன், எதையும் மாற்றாதே. இந்தக் கடிதம் உன் கைக்குக் கிடைத்த பிறகு வருகிற முதல் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் நீ வீடியோ காலில் வர வேண்டும், அன்று இருந்த அத்தனை பேரும் இருக்கும்போது ஆஷிகாவிடம், நான் சொன்னது தப்பு என்று சொல்ல வேண்டும், அதற்குப் பிறகு ஆனாலும் என்ற வார்த்தை வரக் கூடாது. உன் அம்மா பீரோவைத் திறந்து சாவியை அவள் கையில் கொடுக்க வேண்டும், சமையல்மேடையில் வைத்துவிட்டுப் போகக் கூடாது. முத்துக்குமரன் பின் டயரைப் புதிதாக மாற்ற வேண்டும், புது டயர் பழகும்வரை எவ்வளவு மெதுவாகப் போக வேண்டும் என்று அவளிடம் நேரில் சொல்ல வேண்டும். எண்ணெய் வைத்தது யார் என்று வீட்டில் இன்னும் நான் சொல்லவில்லை, இந்தக் கவரை ஒட்டுவதற்கு முன் கடிதத்தை ஆஷிகாவிடம் கொடுத்து நான் எதிரில் உட்கார்ந்திருக்க வேண்டும், அவள் என்ன சொன்னாலும் கேட்க வேண்டும். அவள் அதே வளைவில் வண்டியை ஓட்ட வேண்டும், இதுவரை யார் பின்னாலும் உட்காராத நான் அவள் பின்னால் உட்கார வேண்டும், அவள் சாயும்போது பயந்து எதிர்ப்பக்கம் இழுக்காமல், அவள் சாய்கிற பக்கமே நானும் சாய வேண்டும்.

வஸ்ஸலாம்.
உன் அத்தா,
முஜிபுர் ரஹ்மான்