தாலி பறிப்பைத் தட்டுத் திருட்டாகப் பதிந்தது குறித்து

அனுப்புநர்:
ம. சேவியர்,
ரயில்வே குடியிருப்பு,
கோர்படி, புனே.

பெறுநர்:
காவல் துணை ஆணையர் அவர்கள்,
புனே.

பொருள்: என் மனைவி ஸ்டெல்லாவின் கழுத்திலிருந்து பறிக்கப்பட்ட தாலி, வழக்குப் பதிவில் சாப்பாட்டுத் தட்டு என்று இருப்பதைத் திருத்த வேண்டுதல்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

வணக்கம். இதே விஷயமாக ஆங்கிலத்தில் ஒரு மனுவும், ஆள் வைத்து மராத்தியில் ஒரு மனுவும் எங்கள் பகுதிக் காவல் சௌக்கியில் கொடுத்துப் பார்த்துவிட்டேன். தாங்கள் தமிழ்நாட்டவர் என்று அறிந்ததால் இதைத் தமிழிலேயே எழுதுகிறேன். எழுத்தில் சூடு தெரிந்தால் பொறுத்தருள வேண்டும்.

1. சென்ற ஜூலை 13, ஞாயிறு காலை பூசை முடிந்து என் மனைவி நடந்து வருகையில், பைக்கில் வந்த இருவர் தாலிக்கொடியைப் பிடித்து இழுத்தனர். மூன்று பவுன் கொடி சட்டென்று அறவில்லை. பத்தடி தூரம் தரையில் இழுத்துச் செல்லப்பட்டார். கழுத்தில் ஒன்பது தையல். பக்கத்து வீட்டு சைனபு அம்மாள்தான் தம் துப்பட்டாவால் காயத்தைக் கட்டி ஆட்டோவில் ஏற்றினார்.

2. அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் ஐந்து காவலர்கள் ஹெல்மெட் சோதனையில் நின்றிருந்தார்கள். திருடர்கள் அவர்களைத் தாண்டித்தான் போனார்கள். ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டதற்கு, இருவரும் ஹெல்மெட் போட்டிருந்தார்கள் என்று பதில் வந்தது. வண்டிக்கு நம்பர் பிளேட் இல்லாதது யார் கண்ணிலும் படவில்லையாம். மறுவாரம் தையல் பிரிக்க மனைவியை அழைத்துப் போன என்னை மட்டும், பின்னால் இருந்தவருக்கு ஹெல்மெட் இல்லை என்று தவறாமல் நிறுத்தினார்கள்.

3. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே சௌக்கிக்குப் போனோம். தாலிக்கு இங்கே வழங்கும் மங்கல்சூத்ரா என்ற சொல் என் மனைவிக்குத் தெரியாமலில்லை. ஆனால் அன்று அவர் வாயில் தாலி என்றுதான் வந்தது. மராத்தியில் தாளி என்றால் சாப்பிடும் தட்டு. எழுதியவர் அது ஸ்டீலா, பித்தளையா என்று கேட்டார். கேள்வி புரியாமல் இவர், தங்கம் என்று சொல்ல, சோனா சோனா என்றார். அவர் சிரித்துக்கொண்டே, மஞ்சள் உலோகத் தட்டு ஒன்று என்று எழுதிவிட்டார். இதில் என் பிழையும் உண்டு. எழுத்துக்கூட்டிப் படித்தபோது தாளி என்று இருந்தது. மராத்தியில் தாலியை அப்படித்தான் எழுதுவார்கள் போலும் என்று நினைத்து, சாட்சியாகக் கையெழுத்தும் போட்டேன்.

4. நான் மராத்தி சரியாகப் படிக்கத் தெரியாதவன், சரி. மேலதிகாரிகள் எத்தனை பேர் அந்தக் காகிதத்தைப் பார்த்திருப்பார்கள்? தட்டு திருடு போனால் கழுத்தில் எப்படித் தையல் விழும் என்று ஒருவருக்காவது கேட்கத் தோன்றவில்லையே, அம்மையீர்! ஜூன் மாதம் சைனபு அம்மாளின் கருகமணியை அறுத்துப் போனார்கள். அது தொலைந்த பொருள் என்று பதிவாகியிருக்கிறது. எங்கள் தெருவில் கல்லூரிக்குப் போகும் ப்ரீதியின் கையிலிருந்து போனைப் பிடுங்கினார்கள். அதுவும் தொலைந்ததாம். இப்படியெல்லாம் எழுதிக்கொண்டு, சென்ற மாதம் பொதுமக்கள் கூட்டத்தில், இவ்வாண்டு இப்பகுதியில் நகை பறிப்பே இல்லை என்று மைக்கில் அறிவித்தார்கள். கைதட்டலும் வாங்கினார்கள். என் மனைவி கழுத்தில் தையல் தழும்போடு மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

5. செப்டம்பர் முதல் வாரம் கோந்த்வா பக்கம் அந்தத் திருடர்கள் பிடிபட்டார்கள். மீட்ட நகைகளை மேசையில் பரப்பிய படம் பத்திரிகையில் வந்தது. அதில் புறாவும் சிலுவையும் பொறித்த எங்கள் தாலி இருக்கிறது. திருமணப் புகைப்படத்தை எடுத்துக்கொண்டு ஓடினோம். பதிவைப் பார்த்துவிட்டு, உங்கள் புகார் தட்டு பற்றியது, நகைக்கு நீங்கள் உரிமை கேட்க முடியாது என்று அனுப்பிவிட்டார்கள். “நான் தட்டக் கேட்டா வந்திருக்கேன்னு சொல்றாங்க?” என்று படியிறங்கும்போது என் மனைவி கேட்டார்.

வரும் 30ஆம் தேதி நீதிமன்றத்தில் நகைகளை உரியவர்களிடம் ஒப்படைக்கிறார்கள். அதற்குள் பதிவு திருத்தப்படாவிட்டால் எங்கள் தாலி யாருடையதும் இல்லை என்று ஆகிவிடும். ஆகவே பதிவைத் திருத்தவும், சைனபு அம்மாள், ப்ரீதி ஆகியோரின் புகார்களைப் பறிப்பு வழக்குகளாக மாற்றவும், ஹெல்மெட்டுக்கு நிற்கும் ஐவரில் இருவரையாவது எங்கள் தெருவுக்கு ரோந்து அனுப்பவும் உத்தரவிட வேண்டுகிறேன்.

25ஆம் தேதி காலை பதினோரு மணிக்கு நானும் என் மனைவியும் தங்கள் அலுவலகத்துக்கு வருகிறோம். தங்கள் முன்னால் அவரே தமிழில் வாக்குமூலம் கொடுப்பார். தாங்கள் கூப்பிடும்வரை வாசலில் நிற்போம்.

இடம்: கோர்படி, புனே
நாள்: 22.09.2025

இப்படிக்கு,
ம. சேவியர்

இணைப்பு: வழக்குப் பதிவு நகல், ஆஸ்பத்திரிச் சீட்டு, பத்திரிகைப் படம், திருமணப் புகைப்படம்.