இறால்காரிக்கு மானம் இல்லையாம்

என் ஆசை நாகம்மா அக்கா,

இன்று காலை மறுபடி கோட்டைக்குப் போனேன். "வேணாண்டி" என்றிருப்பாய். கூப்பிட்டு அனுப்பினார்கள்; போகாமல் இருக்க எனக்கும் மனம் வரவில்லை, அக்கா.

அன்று ஏரியில் குனிந்து கையால் இறால் தடவிப் பிடித்துக்கொண்டிருந்த உன்னை அந்த ஒல்லாந்துச் சிப்பாய் கரைக்கு இழுத்துப்போய்ச் சீரழித்தான். நம்மைப் பெற்ற நைனா நம் இருவரையும் கூட்டிக்கொண்டு கோட்டையில் முறையிட்டார். அதிகாரி சொன்னதைத் துபாஷி தலைகுனிந்தபடி தமிழில் சொன்னார்: "அரைத்துணியோட தண்ணியில நிக்கிற இறால்காரிக்கு மானம் ஏதுன்னு கேக்கறாரும்மா."

அதற்குப் பிறகுதானே ஒரு வெள்ளைக்கார அம்மாளின் கையைப் பிடித்து இழுத்த வேறொரு சிப்பாயை ஊர் பார்க்கச் சவுக்கால் அடித்தார்கள்? கூட்டத்தில் நின்று பார்த்தாய்.

வெள்ளைக்காரனை மட்டும் சொல்வானேன். "கையால இறால் தடவுற ஜனங்களுக்கு எங்க பஞ்சாயத்து எதுக்கு?" என்று, நைனா முறையிட்ட கடலோரக் குப்பத்துத் தலைவரும் எழுந்து போனார். அந்த மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து நீ கண்ணை மூடிவிட்டாய். காய்ச்சல்தானா அக்கா? கஞ்சியைக்கூட நீ தொடவில்லையே.

நேற்று என்ன நடந்தது தெரியுமா? வங்காளக் கரையிலிருந்து அடிமையாகக் கொண்டுவந்த ஒரு பெண், கோட்டைச் சமையல்கட்டில் இருப்பவள், கிழிந்த துணியோடு ஏரிக்குள் ஓடிவந்தாள். பின்னால், உன்னைச் சீரழித்த அதே சிப்பாய். அவள் பேச்சு எங்களுக்குப் புரியவில்லை. ஏன் ஓடிவந்தாள் என்பது புரிந்தது. இறால் தடவிய அத்தனை பெண்களும் அவளைச் சுற்றி நின்றோம். முழங்கால் தண்ணீரில் நின்று கத்திவிட்டு அவன் திரும்பிப் போனான். அவளைப் படகில் ஏற்றி வடகரைத் தெலுங்கு ஊருக்கு அனுப்பிவிட்டோம்.

இன்று எங்களைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். "அடிமை எங்கே?" என்பது ஒன்றுதான் கேள்வி. எனக்குப் பொறுக்கவில்லை.

"எங்கக்காவ இறால்காரின்னீங்க. இவள அடிமைன்றீங்க. அவ யாருன்னே பாக்கறீங்களே, அவன் இன்னா செஞ்சான்னு ஒருநாளாவது கேட்டீங்களா?"

துபாஷி இந்த முறை நிமிர்ந்து நின்று, ஒரு சொல் விடாமல் சொன்னார். அதிகாரி அந்தச் சிப்பாயை அடுத்த கப்பலில் வேறு ஊருக்கு அனுப்புவதாகச் சொன்னார். அவனுக்குச் சவுக்கடி கிடையாது. அவன் போகும் ஊரிலும் பெண்கள் இருப்பார்களே, அக்கா?

அவளைத் தேடி ஆள் வரும். என்ன செய்தாலும் அவள் இருக்குமிடத்தைச் சொல்ல மாட்டேன். கப்பல் புறப்படும்வரை தினமும் கோட்டை வாசலுக்குப் போய் அவன் செய்ததை உரக்கச் சொல்வேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் கூடப்பிறந்த தங்கச்சி,
எல்லம்மா