வெள்ளிக்கிழமைக் கேக்

அன்பு மகள் கஜந்தினிக்கு,

கனடாக் குளிரில் நீ சுகமாயிருக்க ஆஞ்சநேயரை வேண்டுகிறேன். இங்கே சின்னம்மாவுக்கு முழங்காலில் நோ, எனக்கு நெஞ்சில் நோ. முழங்காலுக்குத் தைலம் உண்டு. நெஞ்சு நோவைத் தந்தவள் நீ, ஆகையால் மருந்தும் உன்னிடம்தான்.

நிறையைக் குறைக்காவிட்டால் எங்களிடம் வளருகிற உன் தம்பி நிருஷனுக்குப் பதினாறு வயதிலேயே சீனி வியாதி வந்துவிடும் என்று டொக்டர் சொன்ன அன்று போனில் அழுதவள் நீ. "சித்தப்பா, இனி இனிப்புச் சாமான் ஒண்டும் வீட்டுக்குள்ளை வரக்கூடாது" என்று சட்டம் போட்டவளும் நீ. அந்தச் சட்டத்தைத் தலையில் தாங்கி நான் நடத்திய போர் குருசேத்திரத்திலும் நடந்ததில்லை. வெள்ளைச் சாப்பாட்டைத் தவிர எதையும் தொடாத பிள்ளைக்கு, அரிசிமாப் புட்டில் கறுத்தக் குரக்கன் மாவைக் கிள்ளிக் கிள்ளிக் கூட்டி, மாரி முடிவதற்குள் புட்டின் நிறத்தையே மாற்றினோம். ஓட்டிசம் உள்ள பிள்ளைக்குச் சொல்லைவிடப் படம் விளங்கும் என்று டீச்சர் சொன்னதால் செருப்பு, சந்தி, குளிப்பு, சாப்பாடு என்று படம் கீறிச் சுவரில் ஒட்டினேன். நான் கீறிய செருப்பை முதலையென்று நினைத்துச் சின்னம்மா அலறினாள். பின்னேரம் தவறாமல் மருதனார்மடச் சந்திவரை நடந்தோம். நான் மெலிந்து, வேட்டி மட்டும் தனியே நடந்து போகிறதென்று ஊர் கதைக்கிறது. அவனுடைய நிறையோ ஏறிற்று. தராசைச் சந்தேகித்தேன், சின்னம்மாவின் அடுப்படியைச் சோதனை போட்டேன். அவள் கோபத்தில் என்னோடு கதைப்பதையே விட்டாள்.

போன வெள்ளி கோயிலுக்குப் போகிற வழியில் சைக்கிள் காற்றுப் போய்த் திரும்பி வந்தால், படலையில் கேக் கடைப் பிரகாஸ் பெட்டியோடு நிற்கிறான். யார் அனுப்பியது என்றேன், அவன் வானத்தைப் பார்த்தான். நிருஷனுக்குப் பொய் தெரியாதே. "வெள்ளிக்கிழமை. சித்தப்பா கோயில். அக்கா கேக்" என்றான். பிள்ளை அவ்வளவு தூரத்திலிருந்து ஆசையாய் அனுப்புவதை எப்படி வேண்டாமென்பது என்கிறாள் சின்னம்மா. என்னோடு கதையாமல் இருந்த அந்தக் கோபம் முழுக்க நடிப்பு.

நான் பிரகாசைத் திருப்பி அனுப்பினேன். நிருஷன் காதைப் பொத்திக்கொண்டு தலையைப் படலையில் மோதினான், பிறகு இருட்டும்வரை றோட்டைப் பார்த்து நின்றான். என் முதுகுக்குப் பின்னால் கேக் கொடுத்து நீ அன்பான அக்காவானாய், நான் இராட்சதனானேன். என்னோடு நடக்க இன்றுவரை செருப்புப் போட மறுக்கிறான். எங்கள் சனத்துக்கு அன்பென்றால் வாயில் ஊட்டுவது, அது எனக்குத் தெரியும். ஆனால் நீ என்னிடமே ஒளித்தாயே, பிள்ளை.

ஒரேயடியாய் நிறுத்தாதே, அவனுக்கு வெள்ளிக்கிழமை என்றால் நீ. பிரகாஸ் வரட்டும், பெட்டியும் வரட்டும், அதற்குள் கேக் துண்டு கிழமைக்குக் கிழமை சிறுத்துக் கொய்யாப்பழம் பெருகட்டும். மாறப்போவதை நீயே முன்கூட்டி அவனுக்குச் சொல்லு. நடக்கிற நேரம் வைபர் கோலில் வந்து, நீயும் அங்கே நடந்தபடி சந்திவரை அவனோடு கதை.

கடவுள் உன்னை நோய்நொடியின்றி வைத்திருக்கட்டும். குளிர்ச்சட்டை இல்லாமல் வெளிக்கிடாதே. வெள்ளிக்கிழமை போன் எடுக்க மறவாதே. இப்போது அவன் என் சொல்லை நம்புகிறானில்லை, நான் உன் சொல்லை நம்புகிறேனில்லை. முதலில் அவனுடைய நம்பிக்கையைச் சரிசெய்து தா, என்னுடையதைப் பிறகு பார்ப்போம்.

இப்படிக்கு,
சொந்த வீட்டிலேயே தோற்கடிக்கப்பட்ட சேனாதிபதி,
உன் சித்தப்பா சீவரத்தினம்