கடைசியிலிருந்து பார்த்த கப்பல்

அன்பு மகள் நிஷாவுக்குப் பெருநகர் கிராமத்திலிருந்து அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, புதிதாகக் கன்று போட்ட மாடு எல்லோரும் சுகம், கனடாக் குளிரில் நீயும் சுகமாயிருக்க முருகன் துணையிருக்கட்டும். போனில் பேச எடுத்தால் உன் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள், அதனால்தான் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். நடவு முடிந்தது, ஏரியில் தண்ணீர் இருக்கிறது, கவலை இல்லை.

நீ பள்ளிக்கூடம் போகும்போது டிவியில் பார்ப்பாயே, வருஷக்கணக்காக ஓடிய விண்வெளிக் கப்பல் தொடர், அது தமிழிலேயே யூடியூபில் மொத்தமாகக் கிடைக்கிறது. நீ வாங்கிக் கொடுத்த டிவியில் தேடிப் பிடித்து, மேலே இருந்ததிலிருந்து வரிசையாகப் பார்க்கத் தொடங்கினோம். முதல் நாளே கப்பலில் வேலை செய்யும் ரீனா என்ற பெண் ஊருக்குத் திரும்பி வந்து, தலை நரைத்த அம்மாவைக் கட்டிக்கொண்டாள். மறுநாள் கப்பல் தலைவன் செத்துப்போனான். அந்த ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டில் கறி இல்லை, சாவு விழுந்த வாரத்தில் கவுச்சி கூடாது என்று உன் அம்மா சொல்லிவிட்டாள். அடுத்ததைப் போட்டால் அவன் உட்கார்ந்து சாப்பிடுகிறான். இன்னாய்யா இது, செத்தவன் சோறு துன்னுகினு கீறான் என்று கேட்டாள். வானத்தில் காலம் வேறு மாதிரி ஓடும் என்று நானும் பெரிய விஞ்ஞானி போல விளக்கம் சொன்னேன். போகப்போக எல்லோருக்கும் நரை கறுத்தது, எதிரிகள் சிநேகிதர்கள் ஆனார்கள், எங்களுக்கு ஒரே சந்தோஷம். கேபிள் பார்க்க வந்த சுகுமார்தான், மாமா நீங்க கடைசீலேர்ந்து பாத்துகினு வர்றீங்க, புதுசுதான் மேல இருக்கும் என்று விழுந்து விழுந்து சிரித்தான். எனக்கு மானம் போயிற்று. போன கறிக்குழம்பு போனதுதான். மாற்றிப் போடட்டுமா என்றதற்கு உன் அம்மா வேண்டாம் என்றுவிட்டாள், செத்தவர்கள் எழுந்து வருவது அவளுக்குப் பிடித்துவிட்டது.

முதல் எபிசோட் ஒன்றுதான் மீதி இருந்தது. ரீனா வீட்டை விட்டுக் கிளம்புவது. அதைப் பார்க்கமாட்டேன் என்று பல நாள் தள்ளிப்போட்டாள். நீ கிளம்பிய அன்று மீனம்பாக்கத்தில் உன் முகத்தைப் பார்க்காமல் திரும்பி நின்றுகொண்டாளே, அதைக் கோபம் என்று நீ இன்னும் நினைக்கிறாய். கோபம் இல்லை மகளே, நீ திரும்பி வராமல் போய்விடுவாயோ என்ற பயம். வேலையை இன்னும் மூன்று வருஷம் நீட்டிக்கவா என்று நீ கேட்டதற்கும் அதனால்தான் பதில் சொல்லாமல் இருந்தாள்.

நேற்று மத்தியானம் அவளாகவே அதைப் போடச் சொன்னாள். ரீனா பையைத் தூக்கிக்கொண்டு போகிறாள், அவள் அம்மா வாசலில் நின்று அழுகிறாள். எனக்கே கண் கலங்கிவிட்டது. உன் அம்மா வேர்க்கடலை உரித்துக்கொண்டே பார்த்தாள், கண்ணில் ஒரு சொட்டு இல்லை. இந்த அம்மா ஏன் அழுவுறா, பொண்ணு வந்துடுவா, நாமதான் மொதல்லயே பாத்துட்டோமே என்றாள். பிறகு மடியிலிருந்த கடலைத் தோலை உதறிவிட்டு, நிஷாவை நீட்டிக்கச் சொல்லுய்யா என்றாள்.

ஆகவே கையெழுத்துப் போட்டுவிடு. வேளாவேளைக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொள்ளாமல் வெளியே போகாதே, தீர்க்காயுசாக இரு. லீவில் வரும் தேதி தெரிந்ததும் முதலில் அம்மாவிடம் சொல். இந்தத் தடவை உன்னை வழியனுப்ப வரும்போது திரும்பி நிற்கமாட்டாளாம், அதை உனக்கு எழுதச் சொன்னாள்.

உன் வரவை எதிர்பார்க்கும் அப்பா,
பெ. முனிரத்தினம்