அரைமணி நேரம் இருக்கு

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. கடிதம் என்றால் நலம் கேட்டுத்தான் தொடங்க வேண்டும். நீ எப்படி இருக்கிறாய் என்று மருமகள் சொல்லிவிட்டாள். நான் எப்படி இருப்பேன் என்று உனக்கே தெரியும். அதனால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். போன் அடித்தால் நீ எடுப்பதில்லை. இதை உன் கையில் கொடுத்து, நீ படித்து முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பதாக அவள் சொல்லியிருக்கிறாள். பாவம் அந்தப் பெண், அவளைப் படுத்தாதே.

கரண்டு நேற்றுத்தான் வந்தது. கீழே நம் சலவைக் கடைக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்று வடிந்திருக்கிறது. சலவை மெஷின் இரண்டில் ஒன்று ஓடுகிறது, இன்னொன்று உறுமிவிட்டு நின்றுவிடுகிறது. அப்பா இருந்தால் அதன் வயிற்றைப் பிரித்துப் போட்டுவிட்டு, இதெல்லாம் ஒரு மெஷினா என்று அதைத் திட்டிக்கொண்டே சரிசெய்திருப்பார். உயரத்தில் தொங்கிய துணிகள் மட்டும் தப்பித்தன. முந்தாநாள் ஒருத்தர் ரசீதோடு வந்து, கோட்டு ரெடியா என்று கேட்டார். பக்கத்துக் கடைக்காரர் அவர் காதில் ஏதோ சொன்னதும் முகம் வெளுத்து, ரசீதைப் பையில் திணித்துக்கொண்டு நழுவப் பார்த்தார். நான்தான் கூப்பிட்டு உட்காரவைத்து, பழைய கரிப்பெட்டியை மூட்டி இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். காலர் நன்றாக வந்தது.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், எனக்கு அழுகை வரவில்லை. வருகிறவர்கள் எல்லாம் என் முகத்தையே பார்க்கிறார்கள். அழுதால் தேவலை என்று அவர்களுக்கு இருக்கிறது. பல் பிடுங்க ஊசி போட்ட வாய் மாதிரி உடம்பு முழுக்க மரத்துக் கிடக்கிறது. தட்டில் போட்டால் சாப்பிடுகிறேன், படுத்தால் தூங்கிவிடுகிறேன். எனக்கே என்னைப் பார்த்தால் பயமாக இருக்கிறது.

போன வாரம் பல் டாக்டர் வந்தார். எங்கே புயல் கிளம்பினாலும் போனில் கூடிப் பேசுகிற உங்கள் புயல் கூட்டத்துப் பல் டாக்டர்தான். இத்தனை வருஷமாக நம் வீட்டுப் போனில் குரல் மட்டும் கேட்ட மனுஷன், இரண்டு பஸ் மாறி, சேற்றில் நடந்து வந்து நின்றார். குரலுக்கும் ஆளுக்கும் சம்பந்தமே இல்லை. சின்ன உருவம். கூட்டத்தில் இருக்கிற பஸ் டிரைவரும் கணக்கு டீச்சரும் வரத் துணியவில்லையாம், இவரைத்தான் அனுப்பினார்களாம். நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு, கம்ப்ரசர் இல்லாம எங்க குரூப்பே செத்துப்போச்சும்மா என்றார். ஒரு நிமிஷம் எனக்கு விளங்கவில்லை. அப்புறம்தான், ஃபிரிட்ஜ் மெக்கானிக் என்பதால் அப்பாவுக்கு நீங்கள் வைத்த பெயர் அது என்று ஞாபகம் வந்தது.

உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். நீ அந்த ஊருக்குப் போன புதிதில், நீ பேசினால் அப்பா சாப்பிட்டியா என்று கேட்பார், இரு அம்மாகிட்ட குடுக்கறேன் என்பார், தீர்ந்தது. அவருக்கு அதற்குமேல் வராது. உனக்கும்தான் வராது, கல்லுளிமங்கன் பெற்ற பிள்ளை. பிறகு நீ அவரைப் புயல் கூட்டத்தில் சேர்த்தாய். கடலில் எங்கேயோ ஒரு மேகம் சுழன்றால் போதும், இரண்டு பேரும் மணிக்கணக்காகப் பேசுவீர்கள். காற்றழுத்தம் எவ்வளவு விழும், புயல் எந்தப் பக்கம் திரும்பும் என்று சண்டை வேறு. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. யார் தலையிலோ விழப்போகிறதற்கு இவ்வளவு கொண்டாட்டமா என்று ஒருநாள் கேட்டேன். விழணும்னு யாரு சொன்னா, அது கடல்லயே சுத்தி அழகா செத்துப்போகட்டும்னுதான் இருக்கோம் என்றார்.

ஆனாலும் உங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்ததே. புயலின் கண் யார் வீட்டுக்கு மேலே கடக்கிறதோ அவர்தான் வீட்டுக்காரர். உள்ளே இருந்தபடி அவர் அழுத்தம் சொல்ல வேண்டும், வெளியே இருக்கிறவர்கள் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து அவருக்கு வழி சொல்ல வேண்டும். இத்தனை வருஷத்தில் ஒருத்தருக்கும் அது வாய்க்கவில்லை. ஒவ்வொரு புயலும் யாராவது ஒருத்தரை ஏமாற்றிவிட்டுத் தள்ளிப் போகும், அவரை மற்றவர்கள் கிண்டல் செய்வீர்கள்.

புயலுக்கு முந்தின நாள் சாயங்காலம் ரேடியோவில், மழையும் கொஞ்சம் காற்றும் என்றுதான் சொன்னார்கள். நான் வாளியை மட்டும் உள்ளே எடுத்து வைத்தேன். விடிந்ததும் அப்பா விழுந்துட்டே இருக்கு, விழுந்துட்டே இருக்கு என்று கத்துகிறார். அலமாரியில் இருந்து ஏதோ விழுகிறது என்று நான் கரண்டியோடு ஓடினேன். பார்த்தால் அழுத்த மீட்டர் முன்னால் நிற்கிறார். ஒரே ராத்திரியில் புயல் பூதமாக ஊதிவிட்டது. கிளம்பிப் போக வழியில்லை, பாலத்தை மூடிவிட்டார்கள். உங்கள் கூட்டத்தில் எல்லாரும் கொடுத்து வைத்தவர் கம்ப்ரசர் என்று எழுதினார்களாம். எனக்குப் படித்துக் காட்டினார். அவர் முகத்தில் பயமும் இருந்தது, பெருமையும் இருந்தது.

காற்றைப் பற்றி எழுதத் தெரியவில்லை. அது நின்றதைத்தான் எழுத முடியும். சட்டென்று நின்றது. காது அடைத்துக்கொண்டதோ என்று நினைத்தேன். அப்பா சொன்னார், கண்ணுக்குள்ள வந்துட்டோம், யாரும் வெளிய போகக்கூடாது, இது சுருங்கற வேகத்துக்கு எப்ப திரும்பி அடிக்கும்னு சொல்ல முடியாது என்று. என்னிடம்தான் சொன்னார். வெளியே போகிற எண்ணமே எனக்கு இல்லை, என்னமோ நான்தான் துள்ளிக்கொண்டு நின்ற மாதிரி.

அப்போதுதான் உன் போன் வந்தது. அது எப்படி வேலை செய்தது என்று இன்றுவரை தெரியவில்லை. ஸ்பீக்கரில் போட்டார். அப்பா, கண்ணு நல்லாப் பெருசா இருக்கு, அரைமணி நேரம் இருக்கு, தாராளமா போய்ப் பாருங்க என்று நீ சொன்னாய். நிச்சயமாடா என்று கேட்டார். நிச்சயம்பா என்றாய். அவர் என் பக்கம் திரும்பி, பையன் சொல்லிட்டான், வா என்றார். கண்ணாடி முன் நின்று தலை சீவிக்கொண்டார். ஏதோ கல்யாணத்துக்குப் போகிற மாதிரி.

நான் வாசற்படியோடு நின்றுவிட்டேன். அவர் தெருமுனைக்குப் போனார், எதிரே இருக்கிற குடோன் மறைக்காமல் பார்க்கலாம் என்று. மேலே வானம் நீலமாக இருந்தது. வெயில்கூட அடித்தது. சுற்றிலும் வெள்ளையாக மேகம், ஒரு பெரிய கிணற்றுக்குள் நின்று அண்ணாந்து பார்ப்பதுபோல. சொல்லக்கூடாது, ஆனால் அழகாகத்தான் இருந்தது. அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு உன்னிடம் எதையோ காட்டுகிற மாதிரி கையைத் தூக்கித் தூக்கிப் பேசினார். உன் கண்ணுக்கு அது தெரியாதே என்பதுகூட மறந்துபோயிருந்தது அவருக்கு.

அரைமணி நேரத்தில் பாதிகூட ஆகவில்லை. காற்று எதிர்ப்பக்கத்தில் இருந்து அடித்தது. அதுவரை காற்றுக்கு ஈடு கொடுத்து நின்ற குடோன் சுவர், இப்போது முதுகில் அடி வாங்கித் அவர் நின்ற தெருப் பக்கமாகச் சாய்ந்தது. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஓடணும் என்று தோன்றியது, கால் ஓடவில்லை, காற்று விடவும் இல்லை. மிச்சம் உனக்குச் சொல்லிவிட்டார்கள். நீ வர முடியாமல் விமானம் எல்லாம் நின்றிருந்ததால், பக்கத்துக் கடைக்காரரும் அவர் தம்பியும்தான் தோள் கொடுத்து அப்பாவை அனுப்பிவைத்தார்கள்.

பல் டாக்டர் அன்றைக்கு என்ன நடந்தது என்று விளக்கினார். மேலே இருந்து வருகிற படம் நேரத்துக்கு வராதாம், கொஞ்சம் பழசாகத்தான் கைக்கு வருமாம். இது உங்கள் எல்லாருக்கும் தெரியுமாம். அந்தப் படத்தில் கண் பெரிதாக இருந்ததாம். படம் உன் கைக்கு வந்து சேருவதற்குள் புயல் இன்னும் பலமாகி, கண் பாதியாகச் சுருங்கிவிட்டதாம். நீ பழைய படத்தை வைத்துக் கணக்குப் போட்டாய். நீ அரைமணி நேரம் என்று கூட்டத்திலும் எழுதியதை மற்றவர்களும் பார்த்தார்களாம். ஒருத்தருக்கும் அது உறைக்கவில்லை, போனில் கைதட்டுகிற பொம்மைகளைப் போட்டுக்கொண்டிருந்தோம்மா என்று சொல்லிவிட்டு அந்த மனுஷன் என் எதிரில் அழுதார். நான்தான் அவருக்குத் துண்டு எடுத்துக் கொடுத்தேன்.

போகும்போது ஒன்று கேட்டார். கம்ப்ரசருக்குத் தெரியாத அழுத்தமா, நீ சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அவர் போயிருப்பார் என்று உனக்கு எழுதச் சொன்னார். அப்படி எழுதுங்கம்மா, பையன் பிழைச்சுக்குவான் என்றார். மருமகளும் போனில் அதையே கெஞ்சினாள். நீ விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருக்கிறாய், வேலைக்குப் போவதில்லை, ஜன்னல் பக்கம் போனால் அவளுக்கு உயிர் கையில் இல்லை என்றாள். சரி, எழுதிவிடலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். இரண்டு தாள் கிழித்துப் போட்டேன். முடியவில்லையடா.

ஏனென்றால் அது பொய். போகக்கூடாது என்றுதான் அவர் சொன்னார். நீ சொன்னதால் போனார். வேறு யார் சொல்லியிருந்தாலும் போயிருக்க மாட்டார். இதை மறைத்து எழுதினால் நீ நம்ப மாட்டாய், அப்புறம் நான் சொல்கிற எதையுமே நம்ப மாட்டாய். நம் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பொய்யை உட்காரவைத்துவிட்டு மிச்ச காலத்தை என்னால் ஓட்ட முடியாது. உன் கணக்குதான் தப்பு. நீதான் என் பிள்ளை. இரண்டும் எனக்கு நன்றாகத் தெரியும், தெரிந்துதான் உன்னைக் கூப்பிடுகிறேன்.

உன்மேல் கோபம் வரும் என்று தினமும் பார்க்கிறேன், இதுவரை வரவில்லை. ஒருநாள் வரும், எனக்கு என்னைத் தெரியும். வந்தால் உன்னை நேரே நிற்கவைத்து, வாய் வலிக்கிற மட்டும் திட்ட வேண்டும். அழுகையும் அன்றைக்குத்தான் வரும் என்று நினைக்கிறேன். நீ அங்கே இருட்டில் உட்கார்ந்து உன்னை ஏதாவது செய்துகொண்டால், நான் யாரைத் திட்டுவது? இந்த மரத்துப்போன உடம்போடு எத்தனை நாள்தான் ஊரார் கோட்டுக்கு இஸ்திரி போடுவது? அவரைக் கொடுத்தாகிவிட்டது. உன்னைக் கொடுக்க மாட்டேன்.

விமானம் விடத் தொடங்கிவிட்டார்கள். மருமகளையும் கூட்டிக்கொண்டு வா. என்ன பேசுவது என்று யோசிக்காதே, பேச வேண்டாம். வாசலில் வந்து நில், போதும். நீ நன்றாக இருக்க வேண்டும், என் எதிரில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன்னைத் திட்டுவதற்காகக் காத்திருக்கும்
அம்மா