சித்தப்பன் வேட்டியில் ஒட்டாத சேறு

கொல்லிமலை, வாழவந்தி நாடு
வைகாசி 22, வெள்ளிக்கிழமை

அன்பு மகள் கோகிலா கண்ணுக்கு அம்மா பாவாயி எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் மாடு கன்றும் சுகம், அந்தச் சிலி நாட்டு மலைக்குளிரில் நீயும் சுகமாக இருக்க அரப்பளீஸ்வரரைக் கும்பிட்டுக்கொள்கிறேன். உன் அண்ணன் செல்வத்தின் மகளுக்குப் பல் முளைத்துவிட்டது, முதல் கடி எனக்குத்தான். மிளகு இந்த வருசம் பரவாயில்லை.

வானத்தைப் பார்க்கிற அந்த வேலையை விட்டுவிட்டு வா, சித்தப்பன் மாப்பிள்ளை பார்த்திருக்கிறான் என்று போன மாசம் எழுதினேனே, அது உன் அப்பா சொல்லி எழுதியது. நேற்று செல்வம் உன் பதிலைச் சத்தமாகப் படித்தான், உன் சித்தப்பன் அர்த்தனாரியும் உட்கார்ந்திருந்தான். வானத்தில் எங்கோ ஒன்று வெடித்ததும், அந்த வெளிச்சம் மங்குவதற்குள் பிடித்து நிறம் நிறமாகப் பிரித்ததும், வழியிலிருந்த வாயு வெளிச்சத்தைத் தின்ற இடமெல்லாம் கறுப்புக் கோடாக விழுந்திருந்ததும், கோடு சிவப்புப் பக்கம் நகர்ந்த அளவை வைத்து வாயுவின் தூரம் தெரியும், வெடித்தது அதற்கும் அப்பால் என்பதும், இன்னும் ரொம்பத் தொலைவென்றால் விழவேண்டிய கோடுகள் விழாததால் அந்தத் தொலைவுக்கு இப்பால் என்பதும் அதில் வந்தது. சித்தப்பன் சிரித்தான். பஸ் ரோட்டுக்காவது மைல்கல் இருக்குது, வானத்துல எந்தக் கல்லைப் பாத்துச் சொல்லுது இந்தப் புள்ள, கதை உட்டது போதும் வரச்சொல்லுங்க என்றான். அப்பா தலையாட்டப் போனார்.

எனக்கு வந்ததே கோபம். ஏனுங்க கொழுந்தனாரே, கோகிலா பொறந்த அன்னைக்கு மருத்துவச்சியைக் கூட்டியாரப் போனீங்களே, ஞாபகம் இருக்குதுங்களா என்று கேட்டேன். உனக்கு நூறு தடவை சொன்ன கதைதான், அவன் முகத்துக்கு நேரே சொன்னது இதுதான் முதல். ஐப்பசி அடைமழை, முதலில் செம்மண் மேடு, அப்புறம் நெல்வயல் கருஞ்சேறு, அதைத் தாண்டித்தான் அவள் வீடு, வேறு வழியில்லை. போனேன், ஆள் இல்லை என்று வந்து நின்றான். வலியிலும் நான் அவன் வேட்டி ஓரத்தைப் பார்த்தேன். செம்மண் இருந்தது, மேடுவரை போயிருக்கிறான். கருஞ்சேறு ஒரு பொட்டுகூட இல்லை, வயலில் இறங்கவில்லை. நடுவில் இருந்தது மாணிக்கத்தின் சீட்டாட்டக் கொட்டாய் மட்டும்தான். பக்கத்து வீட்டு ராமாயி ஓடிவந்திராவிட்டால் நீயும் இல்லை நானும் இல்லை. எம்புள்ள வெளிச்சத்தோட வேட்டி ஓரத்தைப் பாத்துச் சொல்லுதுங்க, இருக்கிறதையும் பாக்குது இல்லாததையும் பாக்குது என்றேன். காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான்.

அப்பா என்னைப் பார்த்து, புள்ள அங்கேயே இருந்து அளக்கட்டும், எழுதிப்போடு என்றார். எழுதிவிட்டேன். அன்றைக்குத் தம்பியை நம்பினவர், அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை, அது வேறு. அடுத்த வெளிச்சம் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும், நீ அங்கேயே இரு. மாப்பிள்ளை அதற்குள் மங்கிப்போனால் போகட்டும்.

காலுக்கு உறை போடு, ரசத்துக்கு நம் மிளகைப் போடு. தீர்க்காயுசாக, பேரோடு இரு சாமி. ஒன்று மறக்காதே, லீவில் வரும்போது முதலில் நம் வீட்டுக்கு வா. சித்தப்பன் வீடு கட்டுகிறான், வாசலெல்லாம் சிமெண்டுத் தூள். உன் பேண்ட்டு ஓரத்தைப் பார்ப்பேன்.

உன் அம்மா
பாவாயி